நடுத்தெரு அப்துல் காதர் யாரு?

போன மாசம் ஒரு வியாழக்கிழமை, சாயந்தரம் அசர் தொழுதுட்டு வந்து திண்ணையில உக்காந்திருக்கேன், கூரியர் தம்பி ஒருத்தன் பைக்கை நிப்பாட்டிட்டு உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு டப்பாவை நீட்டுறான். "அப்துல் காதர், நடுத்தெரு, நீங்கதானே காக்கா?" எங்க ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க. ஆமான்னேன். கையெழுத்து வாங்கிட்டு போயிட்டான். உள்ள வந்து பிரிச்சுப் பார்த்தா காது மெஷினுக்கு போடுற குட்டி பேட்டரி, அட்டைக்கு 6 வீதம் 4 அட்டை. எனக்கு காது நல்லாவே கேக்கும், வீட்ல யாரும் மெஷின் வைக்கிறதும் இல்ல. மேல ஒட்டியிருந்த பேப்பரை திருப்பித் திருப்பிப் பார்க்குறேன், மழைத்தண்ணி பட்டு வீட்டு நம்பரும் போன் நம்பரும் கரைஞ்சு போயிருக்கு, மிச்சம் நின்னது பேரும் தெருவும் ஊரும் மட்டும்தான். அப்துல் காதர், நடுத்தெரு, கீழக்கரை. இந்த மூணை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு ஆளைக் கண்டுபிடிக்கிறது எம்புட்டு பெரிய வேலைன்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிஞ்சே எங்க தெருவுலயும் பக்கத்து சந்துகள்லயும் 11 காதர் இருக்காங்க. சும்மா விட்டுரலாம், தேடிக்கிட்டு அவங்களே வருவாங்கன்னு வீட்ல சொன்னாங்க. ஆனா யாரோ ஒரு பெரியவர் ரெண்டு நாளா காது கேக்காம, பாங்கு சத்தம் கூட கேக்காம உக்காந்திருப்பாரேன்னு நினைச்சதும் மனசு கேக்கல. சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பிட்டேன்.

இந்தப் பேர் விஷயம் எனக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சது. ஆறாம் வகுப்புல எங்க கிளாஸ்ல மட்டும் 5 அப்துல் காதர். இனிஷியல் வச்சுப் பிரிக்கலாம்னு பார்த்தா அதுலயும் ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியல், வாத்தியார் கடைசியில எங்க வீட்டுப் பேரைக் கேட்டு அட்டெண்டன்ஸ்ல பென்சிலால எழுதி வச்சுக்கிட்டார். ஊரும் அப்படித்தான் பிரிக்கும். உயரம், நிறம், செய்யுற தொழில், சிலோன்ல கடை வச்சிருந்த குடும்பமா, சங்கு ஏவாரக் குடும்பமா, எதாவது ஒண்ணு காதருக்கு முன்னால வந்து ஒட்டிக்கும். பத்திரிகையில, பாஸ்போர்ட்ல, வாக்காளர் பட்டியல்ல மட்டும்தான் எல்லாரும் வெறும் அப்துல் காதர்.

பாஸ்போர்ட்னு சொல்லும்போது ஒண்ணு சொல்லணும். 2009ல நான் வேலைக்குப் போன நாட்டுல ஏர்போர்ட்ல என்னை 5 மணி நேரம் தனியா உக்கார வச்சிட்டாங்க. என் பேரும் வாப்பா பேரும் அச்சா ஒத்துப்போற இன்னொருத்தர் மேல செக் கேஸ் இருந்திருக்கு. கைரேகை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து நான் அவர் இல்லைன்னு தெரிஞ்சதும் விட்டாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. ஆனா அந்த 5 மணி நேரத்துல எனக்கு என் பேர் மேலயே ஒரு கோவம் வந்துச்சு. ஏன்யா ஒரு ஊரே ஒரே பேரை வச்சுக்கிட்டு அலையுதுன்னு. அந்தக் கோவம் ரொம்ப நாள் இருந்துச்சு. அது போனதுக்கு காரணம் சில ஆளுங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டதுதான், அதைத்தான் இங்க எழுதணும்னு நினைக்கிறேன்.

முதல்ல பேரோட அர்த்தம். காதிர்னா ஆற்றல் உள்ளவன், அது அல்லாவோட பேர்ல ஒண்ணு. அப்துல் காதிர்னா அந்த ஆற்றலுள்ளவனோட அடிமை. அதனாலதான் வெறுமனே காதர்னு கூப்பிட்டா மார்க்கம் படிச்ச பழைய ஆலிம்சாக்கள் கோவப்படுவாங்க, முழுசா சொல்லுன்னு அதட்டுவாங்க. வெளிநாட்டுல மிஸ்டர் அப்துல்னு கூப்பிடுறாங்களே, அது இன்னும் பாதி, இன்னாரோட அடிமைன்னு சொல்லிட்டு இன்னார் யாருன்னு சொல்லாம நிப்பாட்டுற மாதிரி.

எங்க கரையில இந்தப் பேர் இவ்வளவு பரவினதுக்கு காரணம் பாக்தாதுல அடங்கியிருக்குற இறைநேசர் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி. 1166ல மறைஞ்சவங்க. அவங்க பேரால வந்த காதிரிய்யா தரீக்கா, அதாவது சூஃபி வழி, கப்பல் ஏறி நம்ம கரைக்கு வந்துச்சு, கூடவே பேரும் வந்துச்சு. முகைதீன், மைதீன், காதர் மைதீன், சேகு அப்துல் காதர், செய்யது அப்துல் காதர், எல்லாம் அந்த ஒருத்தரைச் சுத்தித்தான். நாகூர் ஆண்டவரை ஷாகுல் ஹமீதுன்னுதான் எல்லாருக்கும் தெரியும், அவங்க முழுப்பேர்லயும் அப்துல் காதிர் இருக்கு, காதிர் வலின்னு இன்னொரு பேரும் உண்டு. ரபீஉல் ஆகிர் மாசத்தை எங்க வீட்டுப் பொம்பளைங்க முகைதீன் ஆண்டவர் மாசம்னுதான் சொல்லுவாங்க, அந்த மாசம் 11ஆம் நாள் மவுலூதுன்னு புகழ்ப்பாட்டு ஓதி நேர்ச்சைச் சோறு ஆக்குவாங்க. அந்த மாசம் பொறந்த ஆம்பளைப் புள்ளைக்கு வேற பேர் வைக்க யாருக்கும் மனசு வராது.

இப்ப கீழக்கரைக்கு வர்றேன்.

எட்டாம் வகுப்புல தமிழய்யா பழமொழி நடத்தினார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி. யார் இந்த சீதக்காதின்னு கேட்டார், உள்ளூர்ப் புள்ளைங்க ஆச்சே, எல்லாரும் கையைத் தூக்குனோம். வள்ளல், நம்ம ஊரு, பெரிய பள்ளிவாசல் பக்கத்துல அடங்கியிருக்காங்கன்னு கத்துனோம். சரி, அவர் பேர் என்னன்னு கேட்டார். சீதக்காதிதானேன்னோம். இல்லடா, சொல்லிப் பாருங்க, சேகு அப்துல் காதிறு, வேகமா சொல்லு, இன்னும் வேகமா சொல்லுன்னார். 40 பேரும் சேகப்துக்காதிறு, சேதக்காதிறுன்னு கத்தி, கடைசியில வாயில சீதக்காதின்னு வந்து நின்னுச்சு. தமிழய்யா என்னையும் இன்னும் நாலு பேரையும் எழுப்பி விட்டு, இவனுங்க பேருதான்டா வள்ளல் பேருன்னார். எனக்கு அன்னைக்கு உடம்பு சிலிர்த்தது இப்பவும் ஞாபகம் இருக்கு. அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அந்த மனுசனுக்கு எத்தனை பேர்னு பாருங்க. பெத்தவங்க வச்சது ஷெய்கு அப்துல் காதிர். ஏவாரத்துல பெரியதம்பி மரைக்காயர், அந்தக் காலத்து டச்சுக்காரங்க குறிப்புகள்லயும் பெரியதம்பிதான். புலவர்கள் வாயில சீதக்காதி. நாலாவதா ஒரு பேரை ராஜா கொடுத்தார், அதுதான் எனக்கு எல்லாத்துலயும் ரொம்பப் பிடிச்சது. 1710 வரைக்கும் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு சொந்தப் பேர் ரகுநாத சேதுபதி. சீதக்காதி அவருக்கு உத்த நண்பர், ஆலோசனை சொல்ற இடத்துல இருந்தவர். ராஜா அவரை விஜய ரகுநாத பெரியதம்பின்னு அழைக்கச் சொன்னார். தன்னோட பேரையே எடுத்து கூட்டாளி பேருக்கு முன்னால வச்சிட்டார். சேதுக்கரையில ராமன் பேரைத் தாங்குன ராஜாவும், பாக்தாது பெரியவங்க பேரைத் தாங்குன மரைக்காயரும் ஒரே பேரைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. ராமநாதபுரம் அரண்மனையில சேதுபதி கட்டின ராமலிங்க விலாசத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இதுல சீதக்காதி கையும் இருக்குன்னு எங்க ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க.

அரிசி, துணி, மிளகு, சங்கு எல்லாத்துலயும் அவருக்கு ஏவாரம் இருந்துச்சு. ஒரு கொடும் பஞ்சம் வந்தப்ப, தராசுல ஒரு தட்டுல பொன்னும் இன்னொரு தட்டுல நெல்லும் சமமா நிறுத்து வித்த காலத்துல, அன்னதானத்துக்கு மாரைத் தட்டிக்கிட்டு முன்னால வந்தவர்னு படிக்காசுப் புலவர் பாடி வச்சிருக்கார். நெல்லு ஏவாரம் பார்க்குறவனுக்கு பஞ்சம்னா லாபம், எங்க வீட்லயும் ஏவாரம் பார்த்தவங்க இருக்குறதால எனக்கு இது நல்லாத் தெரியும். குடோனைப் பூட்டி வச்சு இன்னும் பத்து நாள் பொறுத்தா இன்னும் விலை ஏறும்னு தெரிஞ்ச நேரத்துல குடோனைத் திறந்து விடுறதுக்கு ஒரு மனசு வேணும்.

மோதிரக் கதை எல்லாருக்கும் தெரியும். வள்ளலைத் தேடி வந்த புலவர், அவர் மவுத்தாகிட்டார்னு கேட்டு அடக்கஸ்தலத்துல விழுந்து அழுதப்ப மோதிரம் போட்ட கை வெளிய வந்துச்சுன்னு ஒரு விதமா சொல்லுவாங்க, சாகுறதுக்கு முன்னாலயே புலவருக்குன்னு மோதிரத்தை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்கன்னு இன்னொரு விதமா சொல்லுவாங்க. எனக்கு ரெண்டாவதுதான் பெருசு. கண்ணு மூடப்போற நேரத்துல, இன்னும் வந்து சேராத ஒரு ஆளை ஞாபகம் வச்சிருந்தார் பாருங்க, அது.

சீறாப்புராணமும் அவரோட கணக்குலதான் வரும். உமறுப்புலவரை நபி பெருமானார் வரலாற்றைத் தமிழ்ல பாட வச்சவர் அவர்தான். 5027 பாட்டு, ஆனா அது முடியுறதைப் பார்க்க வள்ளலுக்குக் கொடுத்து வைக்கல, பாதியிலயே போயிட்டார். அப்புறம் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்தான் மிச்சத்துக்கு ஆதரவு கொடுத்து முடிக்க வச்சார். அதுல உமறுக்கு வழி காட்டின ஆலிம் சதக்கத்துல்லா அப்பாவும் எங்க ஊர்லதான் அடங்கியிருக்காங்க. அப்பான்னா எங்க வீடுகள்ல தாத்தா, ஊருக்கே தாத்தா மாதிரி அவங்க.

டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு நான் முதல்ல போனது பெரிய ஜும்மா பள்ளிக்குத்தான், பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழுகைக்கு எல்லாரும் அங்க வருவாங்க, விசாரிச்சா தெரியும்னு. சீதக்காதி கட்டினதுன்னு சொல்ற பள்ளி அது. மொத்தமும் கல்லு. உள்ள போனதும் கோயில் மண்டபத்துக்குள்ள வந்துட்டோமோன்னு புதுசா வர்றவங்க நினைப்பாங்க, தூண் அந்த மாதிரி, அடியில சதுரம், நடுவுல பட்டை, மேல போதிகை, உருவம் மட்டும் இருக்காது, அந்த இடத்துல பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். இந்தக் கரையில கோயில் தூணைச் செதுக்குன கை பழக்கம்தான் இதையும் செதுக்கியிருக்குன்னு பார்த்தாலே தெரியும். சின்னப் புள்ளையில நோன்பு நேரத்துல நான் சாஞ்சு தூங்குற தூண் ஒண்ணு உண்டு, முதுகு படுற உயரத்துல கல்லு எண்ணெய் தடவுன மாதிரி வழுவழுன்னு இருக்கும். எத்தனை காதர் முதுகு தேய்ச்சு அந்த வழுவழுப்பு வந்துச்சோ.

பாங்கு சொல்ற மோதினார்கிட்ட கேட்டேன். காது மெஷின் வச்ச காதரான்னு யோசிச்சார், ரெண்டு பேரைச் சொன்னார், ஒருத்தர் சென்னையில மகள் வீட்ல இருக்கார், இன்னொருத்தர் தைக்கா போற வழியில ஒரு சந்துல இருக்கார்னு.

தைக்கான்னு சொன்னதும் எனக்கு இன்னொரு அப்துல் காதர் ஞாபகம். தைக்கா சாகிபு வலியுல்லா, 1778ல இருந்து 1850 வரைக்கும் இருந்தவங்க. தைக்கான்னா இறைநேசர்கள் தனிச்சிருந்து இறைவனை நினைச்சு திக்ரு செய்யுற இடம், அதுவே அவங்களுக்குப் பேராகி ஒட்டிக்கிச்சு, உண்மையான பேர் ஷெய்கு அப்துல் காதிர்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. வள்ளலுக்கு வச்ச அதே பேர், அதே ஷெய்கு. அவர் நெல்லைக் கொடுத்தார், இவங்க கல்வியைக் கொடுத்தாங்க.

அவங்க மருமகன்தான் மாப்பிள்ளை லெப்பை ஆலிம், 1816 - 1898. சொந்தப் பேர் செய்யது முகம்மது. எங்க ஊர்ல பொண்ணுக்குத்தான் வீடு, கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும், காயல்பட்டினத்துல பொறந்து அப்படி மாப்பிள்ளையானவங்களை ஊர் மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுச்சு. 80 வயசு தாண்டி, அரபுத்தமிழ்ல அத்தனை கிதாபு எழுதி, இலங்கை வரைக்கும் மார்க்கம் சொல்லிக்கொடுத்து பெரிய ஆலிமா மறைஞ்சப்பவும் அவங்க மாப்பிள்ளைதான். அரபுத்தமிழ்னா அரபு எழுத்துல எழுதுற தமிழ். ப, ங, ஞ இதுக்கெல்லாம் அரபுல எழுத்து கிடையாது, இருக்குற எழுத்துக்கே புள்ளியைக் கூட்டி, வெட்டை மாத்தி எழுத்து உண்டாக்கியிருக்காங்க. எங்க உம்மம்மாவுக்கு தமிழ் எழுத்து தெரியாது, ஆனா கொழும்புல இருந்த எங்க அப்பாவுக்கு அரபுத்தமிழ்ல பக்கம் பக்கமா கடுதாசி எழுதுவாங்க. அதுல ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. மாசம் என்ன, வீட்டு ஓடு மாத்தணும், கருப்பட்டி விலை என்ன, எல்லாம் இருக்கும், கடுதாசி ஆரம்பத்துல மட்டும் பேர் இருக்காது. "அங்கே சுகமாயிருக்கும் அவர்களுக்கு"ன்னு ஆரம்பிக்கும்.

ஏன்னா எங்க அப்பா பேர் அப்துல் காதர். புருசன் பேரை பொண்டாட்டி சொல்ல மாட்டாங்க, எழுதவும் மாட்டாங்க. அதே மாதிரி மாமனார் பேரை மருமகள் சொல்ல மாட்டாங்க. மூத்த பேரனுக்கு தாத்தா பேரை வைக்கிறதும் வழக்கம், அப்ப பெத்த தாய் தன் புள்ளையையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனாலதான் வீட்டுக்கு வீடு தம்பி, நெய்னா, பாவா, வாப்பான்னு ஒரு பேர் ஓடும். நான் வீட்ல நெய்னா. சீதக்காதியோட பெரியதம்பியும் இப்படி ஒரு வீட்டுப் பேரா ஆரம்பிச்சதுதான்னு எனக்கு ஒரு நினைப்பு, யாரோ ஒரு உம்மாவால தன் புள்ளையை அப்துல் காதர்னு கூப்பிட முடியாம பெரிய தம்பி, சோறு தின்ன வான்னு கூப்பிட்டிருப்பாங்க. அந்தப் பேர் டச்சுக்காரன் கணக்கு வரைக்கும் போயிருச்சு.

நல்லா வாழ்ந்து முடிச்சவங்களுக்கு எங்க ஊர் தனியா ஒரு பேர் கொடுத்துரும், பழைய பேரைத் திருப்பி எடுத்து அடுத்த புள்ளைங்களுக்கு கொடுக்க வச்சுக்கும். அதை நான் புரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து ஏர்போர்ட் கோவம் எனக்கு இல்ல. ஒரே பேர்னாலும் ஆளு தொலையுறதில்ல. பக்கத்துல ராமேஸ்வரத்துல பாருங்க, 1931ல பொறந்த புள்ளைக்கு அப்துல் கலாம்னு பேர் வச்சாங்க, முன்னால நிக்கிற மூணு எழுத்துல கடைசி ஜே அவங்க வாப்பா ஜைனுலாப்தீன், அதுக்கு முன்னால இருக்குறது அதுக்கும் மேல உள்ளவங்க பேர், ராஷ்டிரபதி ஆகி டெல்லி போனப்பவும் அந்த எழுத்துகளோடதான் போனாங்க. எங்க ஊர் மகளிர் கல்லூரி வாசல்லயும் தாசிம் பீவி அப்துல் காதர்னு எழுதியிருக்கும், தினம் அந்தப் பேருக்கு கீழ ஆயிரக்கணக்குல பொண்ணுங்க நடந்து போறாங்க. படிக்காம போன எங்க உம்மம்மா காலத்தை நினைச்சுப் பார்க்குறப்ப அந்தப் போர்டைக் கடந்து போற ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு நிறைஞ்சிரும்.

மோதினார் சொன்ன சந்துக்குள்ள போனேன். ரெண்டு பக்கமும் உசரமான சுவரு, ஒரு ஆள் வந்தா இன்னொரு ஆள் ஒதுங்கணும், யார் வீட்லயோ தொதல் கிண்டுறாங்க போல, கருப்பட்டியும் தேங்காப்பாலும் காய்ஞ்சு வர்ற வாசனை சந்து முழுக்க. கதவைத் தட்டுனதும் பத்து வயசுப் பையன் ஒருத்தன் வந்தான்.

"அப்துல் காதர் இருக்காங்களா வாப்பா?"

"அப்படி யாரும் இங்க இல்லையே மாமா."

திரும்பலாம்னு பார்த்தேன். உள்ள இருந்து ஒரு குரல், "யாரு வாப்பா அது?"

"யாரோ அப்துல் காதரைத் தேடி வந்திருக்காங்க உம்மம்மா, நம்ம வீட்ல இல்லைன்னு சொல்லிட்டேன்."

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கிட்டு ஒரு வயசான அம்மா கதவோரம் வந்து நின்னாங்க. "இருக்காக வாப்பா, உள்ள வாங்க. அந்தப் பேரு... எங்க வீட்ல அவுக பேருதான்."

பையன் அவங்களை நிமிர்ந்து பார்த்தான். "அப்பாவுக்கா? அப்பா பேரு பாவா இல்லையா?"

டப்பாவைக் கொடுத்தேன். கூடத்துல கட்டில்ல பெரியவர் உக்காந்திருந்தார், நாங்க பேசுனது எதுவும் கேக்காம சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனார். அந்த அம்மா அவர் காதுக்குப் பின்னால இருந்து மெஷினை எடுத்து, நகத்தால மூடியைத் திறந்து, பழசை எடுத்துட்டு புது பேட்டரி மேல இருந்த ஸ்டிக்கரை உரிச்சுப் போட்டு, திரும்ப மாட்டி விட்டாங்க. கீச்சுன்னு ஒரு சத்தம் வந்து நின்னுச்சு. பையனுக்குப் பொறுக்கல, கட்டில்ல ஏறி காதுகிட்ட போயி கேட்டான்.

"அப்பா, ஒங்க பேரு என்ன?"

பெரியவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பள்ளிக்கூடத்துல வாத்தியார் முன்னால சொல்ற மாதிரி நிமிர்ந்து உக்காந்து நிதானமா சொன்னார். "ஷெய்கு அப்துல் காதர்."

அந்த அம்மா துப்பட்டி ஓரத்தை வாயில வச்சுக்கிட்டு தரையைப் பார்த்து சிரிச்சாங்க.